காட்டின் கறுப்பும் வெள்ளையும்

காட்டு யானையின் கண் அத்துணைக் கூரியதன்று. அதன் மோப்பமோ மிகக் கூரியது. மனிதன் வருவதை அது பெரும்பாலும் காற்றின் வழியாகவே அறிகிறது. ஆகவே, யானையைப் படம்பிடிக்கச் செல்பவர் ஒளி விழும் திசையை நோக்குமுன், காற்று வீசும் திசையை நோக்க வேண்டும். இந்தப் பாடத்தைக் காட்டிடமிருந்தே கற்றவர் இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன்.

அவர் 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவின் இளைய மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியலில் ஈடுபாடு கொண்டார். பின்னர்ச் சட்டமும் படித்தார். 1942இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணியில் சேர்ந்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பியவர், மீண்டும் அரசுப்பணியை நாடவில்லை. எழுத்தும் ஒளிப்படமுமே வாழ்வாதாரமாயின. நிலையான ஊதியத்தைக் கைவிட்டு, காட்டுயிர்களை நம்பி வாழ்வது அன்றைய நாளில் எளிய முடிவன்று.

அவருடைய கருவி காண்போரை வியப்பில் ஆழ்த்தும். ஒரு நிறுவனத்தின் கேமரா உடலோடு வேறொரு நிறுவனத்தின் தொலைவில்லையைப் பொருத்தி, அதனை அவரே உருவாக்கிக்கொண்டார். அதற்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். அந்தச் சுமையுடன் காட்டில் நடந்தார். கும்கி யானையின் முதுகில் ஏறியும் சென்றார். யானையின் உடல்மணம் மனித வாடையை மறைப்பதால், மான்களும் காட்டெருதுகளும் உடனே அஞ்சி ஓடுவதில்லை. ஆயினும், அதிலும் ஓர் இடர் உண்டு. நின்றுகொண்டிருக்கும் யானையும் அசைந்துகொண்டே இருக்கும். அது மூச்சுவிட்டாலே கேமரா ஆடும். அந்த ஆட்டம் படத்தில் பதியாதிருக்க, திறப்பான் நொடியில் சிறு பங்கு நேரமே திறக்க வேண்டும். அதற்கு மிகுந்த ஒளி தேவை. அடர்ந்த காட்டிலோ ஒளி அரிது. படச்சுருளும் அளவானதே, நூறு முறை எடுத்து ஒன்றைத் தேர்ந்துகொள்ளும் இன்றைய வசதி அன்றில்லை. காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

வண்ணப்படம் பரவிய பின்னரும் அவர் கறுப்பு வெள்ளையையே கையாண்டார். யானைத்தோலின் சுருக்கம், காட்டெருதின் தசைத்திரட்சி, மூங்கில் நிழலில் நிற்கும் மானின் புள்ளிகள் ஆகியவற்றைக் காட்ட வண்ணம் தேவைப்படவில்லை என்பது அப்படங்களைக் காணும்போது விளங்கும்.

1968இல் அவருக்கு ஜவஹர்லால் நேரு ஆய்வு நல்கை கிடைத்தது. தீபகற்ப இந்தியாவின் பாலூட்டிகளை நேரில் கண்டு, அவற்றின் நிலையை ஆராய்ந்தார். அவ்வாய்வை மும்பை இயற்கை வரலாற்றுக் கழகம் நூலாக வெளியிட்டது. எந்த விலங்கு எங்கு, எத்தகைய சூழலில் வாழ்ந்தது என்பதற்கு அவருடைய படங்கள் சான்றுகளாயின. அழகு அவற்றிற்கு இரண்டாவது சிறப்பே. அயல்நாட்டு மரங்களை நம் மண்ணில் நடுவதையும் அவர் கடுமையாக எதிர்த்தார். உள்ளூர்த் தாவரங்கள் அழிந்தால் அவற்றைச் சார்ந்த உயிர்களுக்கும் இடமில்லாது போகும் என்று வாதிட்டார்.

‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950இல் தொடங்கிய அவரது இயற்கைப் பத்தி, 1996இல் அவர் மறையும்வரை வெளிவந்தது. தமிழில் எழுதிய கட்டுரைகளோ பழைய இதழ்களுக்குள் நெடுநாள் மறைந்துகிடந்தன. சு. தியடோர் பாஸ்கரன் அவற்றைத் தேடித் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக்கினார்.