முதுகோடு ஒரு வழக்கு – 11: ஏழு நிமிஷ நடை

போன வாரம் இடுப்பு பெல்ட்டைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "பெல்ட்டும் வேண்டாம், டிராக்‌ஷனும் வேண்டாம்னா வேற என்னதான் செய்யறது?" என்று ஒரு நண்பர் சூடாகவே கேட்டார். கோபம் நியாயம்தான். பெல்ட்டையும், முதுகை இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷனையும் வேண்டாம் என்றது நான் அல்ல. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கென்று உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல். அதே வழிகாட்டுதல் செய்யச் சொன்னவற்றில் உடற்பயிற்சி இருக்கிறது. உடற்பயிற்சிகளில் காசும் கேட்காமல், கருவியும் கேட்காமல் இருப்பது நடை.

எனக்கு வலி வந்தது ஒரு வாளித் தண்ணீரால். குனிந்து தூக்கியவன் நிமிரவில்லை. ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்முதுகில் எல்-4, எல்-5 எலும்புகளுக்கு நடுவே டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஒரு மாதம் எழுந்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். இரண்டாம் நாளே எழுந்து வாசல் வரை போகப் பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து வந்திருந்த அத்தை விடவில்லை. "ஏல, குறுக்கு புடிச்சிக் கெடக்கும்போது எங்கல நடக்கப் போற? பேசாம படுத்துக் கெட."

படுத்துக் கிடந்தேன். மூன்றாவது வாரம் பாத்ரூம் போகச் சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது. வலி போகவில்லை, தொடைதான் இளைத்துப் போனது.

அத்தையைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து டாக்டர்கள் சொன்னதைத்தான் அவள் சொன்னாள். என் டாக்டரிடம்தான் எனக்கு வருத்தம். ஏனென்றால் இந்தப் படுக்கை வைத்தியத்தின் குட்டு 1986-லேயே உடைந்துவிட்டது. அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் கூட்டாளிகளும் முதுகுவலியோடு வந்த 203 பேரில் ஒரு பாதிக்கு இரண்டு நாள் ஓய்வு, மறு பாதிக்கு ஏழு நாள் ஓய்வு என்று எழுதிக் கொடுத்தார்கள். குணமானதில் வித்தியாசம் இல்லை. இரண்டு நாள் ஓய்வு சொல்லப்பட்டவர்கள் வேலைக்கு மட்டம் போட்ட நாட்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு. 1995-ல் ஹெல்சின்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் இன்னொரு ஆய்வு. சிலரைப் படுக்கச் சொன்னார்கள், சிலருக்கு முதுகுப் பயிற்சி கொடுத்தார்கள், மற்றவர்களிடம் வலி பொறுக்கும் அளவுக்கு வழக்கமான வேலையைப் பாருங்கள் என்று விட்டுவிட்டார்கள். முந்திக் குணமானவர்கள் அந்த மூன்றாவது கூட்டம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்து நான் பயந்த பயமும் பாதி வீண். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத ஐம்பது வயதுக்காரர்களில் 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது, 60 சதவீதம் பேருக்குப் பிதுங்கியிருந்தது. நரை விழுவது மாதிரிதான் இதுவும். ஆனால் நரையைப் பார்த்து யாரும் படுத்துவிடுவதில்லை.

அப்படியானால் நடந்தால் டிஸ்க் நசுங்காதா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஜெர்மனியின் ஊல்ம் நகரத்தில் ஹான்ஸ்-யோஆகிம் வில்கே என்பவரின் குழு 1999-ல் இதை அளந்தே பார்த்துவிட்டது. 45 வயது ஆள் ஒருவர் முன்வந்தார். அவருடைய எல்-4, எல்-5 டிஸ்க்குக்குள்ளேயே அழுத்தமானியைச் செருகி, படு, நில், நட, தூக்கு என்று சொல்லிச் சொல்லி அளந்தார்கள். நிற்கும்போது அழுத்தம் 0.5 மெகாபாஸ்கல். நடக்கும்போது 0.53-லிருந்து 0.65. முதுகை வளைத்து 20 கிலோவைத் தூக்கியபோது 2.3. ஒரே ஒரு மனிதரிடம் எடுத்த கணக்கு, அதை மறக்கக் கூடாது. ஆனாலும் என் வாளிக்கும் என் நடைக்கும் உள்ள தூரம் அதில் தெரிகிறது.

என்னை நடக்க வைத்தது ஒரு பிசியோதெரபிஸ்ட். வயது இருபத்தைந்து இருக்கும். ஸ்கேன் கவரைப் பிரிக்கவே இல்லை.

"எத்தனை நிமிஷம் நடந்தா வலி கூடுது சார்?"

"பத்து நிமிஷம்மா."

"அப்ப ஏழு நிமிஷம் நடங்க."

"அது என்னம்மா கணக்கு, ஏழு?"

"வலி கூப்பிடறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வந்துடணும் சார். நல்லா இருக்கேன்னு இன்னும் ரெண்டு தெரு போயிடாதீங்க. அங்கதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க."

மறுநாள் காலை ஒருக்களித்துப் படுத்து, கையை ஊன்றி எழுந்தேன். வாரைக் கட்டுகிற செருப்பைப் போட்டுக்கொண்டேன். தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி வரை மூன்றரை நிமிஷம், திரும்பி வர மூன்றரை. பால்காரர் வண்டியை நிறுத்தி, "என்ன சார், அதுக்குள்ள திரும்பிட்டீங்க?" என்றார். கூச்சமாக இருந்தது. வாரத்துக்கு ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று கூட்டச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். வலி கொஞ்சம் எட்டிப் பார்த்த வாரம் கூட்டவில்லை, அதற்காக நிறுத்தவும் இல்லை. முப்பது நிமிஷத்தைத் தொட நான்கு மாதம் பிடித்தது.

அயர்லாந்தில் 246 நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை வைத்து நடந்த ஆய்வு (2015-ல் வெளியானது) ஏறக்குறைய இதே பாணிதான்: வாரம் நான்கு நாள், பத்து நிமிஷத்தில் தொடங்கி, ஐந்து நாள், முப்பது நிமிஷம் வரை. ஒரு கூட்டம் நடந்தது, ஒரு கூட்டம் உடற்பயிற்சி வகுப்புக்குப் போனது, ஒரு கூட்டம் வழக்கமான பிசியோதெரபி எடுத்தது. மூன்று கூட்டத்துக்கும் வலி குறைந்தது ஒரே மாதிரிதான். நடைக்கு ஆன செலவு மட்டும் எல்லாவற்றையும்விடக் குறைவு. பாதியில் விடாமல் சொன்னபடி செய்ததிலும் நடந்தவர்களே முந்தி. நடைக்கு விசேஷ சக்தி எதுவும் இருப்பதாக நான் நம்பவில்லை. ஜனங்கள் அதைச் செய்கிறார்கள், அவ்வளவுதான் அதன் பலம்.

ஆனால் நான் அதையும் விட்டேன். வலி சுத்தமாகப் போனதும் தீபாவளி சாக்கில் நடையை நிறுத்தினேன். மாசி பிறக்குமுன் குறுக்கு மறுபடி பிடித்துக்கொண்டது.

இங்கேதான் சிட்னி ஆய்வு எனக்கு உறைத்தது. மெக்குவாரி பல்கலைக்கழகத்தின் மார்க் ஹான்காக், நடாஷா போகோவி குழுவினர் செய்து, 2024 ஜூனில் 'லான்செட்' இதழில் வந்தது. இவர்கள் தேடிப் பிடித்தது வலியில் இருப்பவர்களை அல்ல. வலி வந்து சமீபத்தில் குணமானவர்களை. மொத்தம் 701 பேர், பெரும்பாலோர் பெண்கள், சராசரி வயது 54. பாதிப் பேருக்கு ஆறு மாதத்தில் ஆறு முறை பிசியோதெரபிஸ்டின் வழிகாட்டுதல்: எவ்வளவு நடப்பது, எப்படிக் கூட்டுவது, வலியை எப்படிப் புரிந்துகொள்வது. இலக்கு, வாரம் ஐந்து நாள், அரை மணி. மறு பாதிக்கு ஒன்றும் இல்லை. சும்மா இருந்தவர்களுக்கு வலி திரும்ப வர ஆன இடைவெளி, நடுமதிப்பில் 112 நாள். நடந்தவர்களுக்கு 208 நாள்.

வலி வராமலே போய்விடவில்லை என்பதைக் கவனியுங்கள். தள்ளிப் போனது. "நடந்தால் முதுகுவலி பறந்துவிடும்" என்று சொல்பவரிடம் இந்த எண்ணைக் காட்டுங்கள். நடந்தவர்களுக்குக் கால், பாத உபாதைகள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்ததும் அதே கட்டுரையில் இருக்கிறது. எனக்கு வந்தது குதிகால் வலி. செருப்பைக் கடாசிவிட்டு ஷூ வாங்கினேன்.

தமிழக அரசு 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அமைத்தது. நல்ல காரியம். ஆனால் முதுகுவலிக்காரர் முதல் நாளே அந்த எட்டையும் நடந்து பார்க்க வேண்டாம். அவருடைய எல்லை தண்ணீர்த் தொட்டியாக இருக்கலாம்.

நடை ஒத்துவராதவர்களும் இருக்கிறார்கள். கொஞ்ச தூரம் நடந்ததும் இரண்டு காலும் கனத்து மரத்துப் போகிறது, எங்காவது உட்கார்ந்தாலோ முன்னால் குனிந்தாலோ சரியாகிறது என்றால், தண்டுவடம் போகும் பாதை குறுகியிருக்கலாம். நிமிர்ந்து நடப்பதைவிட சைக்கிள் அவர்களுக்கு ஏற்றதாக இருக்கக்கூடும், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் இருந்தது என்றாலும் நடையைத் தொடங்குமுன் டாக்டரைப் பாருங்கள். திடீரென்று சிறுநீர் போவது தெரியவில்லை, அல்லது போகவே முடியவில்லை, ஆசனவாயைச் சுற்றி உணர்ச்சி இல்லை, கால் வலுவிழக்கிறது: இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த நிமிஷமே ஆட்டோவைக் கூப்பிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.