ஜீப்பு வண்டிகளுக்கு நீண்ட பின் வில் பொருத்துதல்

மலைத் தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளில் மாட்டு வண்டிக்குப் பதிலாக ஜீப்பும் பிக்கப் பாரவண்டியும் ஓடத் தொடங்கி வெகுகாலமாயிற்று. 1947-ஆம் வருஷத்தில் வில்லிஸ் ஜீப்புகளை இந்தியாவில் கோத்து விற்கும் தொழிலை மஹீந்திரா கம்பெனியார் ஆரம்பித்தனர். நாளடைவில் போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களிலும் கீழ்ப்பழனி மலையின் வாழைத்தோட்டங்களிலும் அவ்வகை வண்டிகள் இன்றியமையாதனவாயின. கரடுமுரடான பாதையில் இவற்றை ஓட்டுவோர் சிலர், பின்புற வில்லைக் கழற்றிவிட்டு அதனினும் நீண்டதைப் பொருத்திக்கொள்வதுண்டு. இதனால் விளையும் அனுகூலம் மெய்யே. ஆயினும் அதற்கு ஈடாக இழக்க வேண்டியதும் ஒன்று உண்டு. அஃது இன்னதென்று அறியாமல் இவ்வேலையில் இறங்குவோர், பணத்தை மட்டுமன்றி வண்டியில் ஏறும் ஆட்களின் உயிரையும் பணயம் வைக்கின்றனர்.

வில்லின் அமைப்பு

வில்வண்டியைப் பார்த்தவர்களுக்குப் பட்டை வில்லைப் பற்றி அதிகம் விளக்க வேண்டுவதில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகளை நடுவில் சென்டர் போல்ட்டால் பிணைத்து, அச்சோடு யு போல்ட்டுகளால் இறுக்கியிருப்பர். மெயின் பட்டையின் முன் கண் சேஸிஸில் ஓரிடத்திலேயே பொருந்தியிருக்கும். பின் கண்ணோ ஷாக்கிள் என்னும் ஊசலாடும் துண்டில் மாட்டப்பட்டிருக்கும். பாரம் ஏறும்போது வளைந்த வில் நிமிர்ந்து நீளுமாதலால், ஷாக்கிள் பின்னுக்குச் சாய்ந்து இடங்கொடுக்கிறது.

எல்லா வண்டிகளிலும் இவ்வமைப்பு இல்லை. 2010-இல் வெளிவந்த தார் வண்டியில் பின்புறம் பட்டை வில் இருந்தது. 2020-இல் வந்த புதிய தாரில் சுருள் வில்லே வைக்கப்பட்டது. ஆகையால் இங்குக் கூறுவது பின்புறம் பட்டை வில் உள்ள வண்டிகளுக்கே பொருந்தும்.

நீளத்தின் கணக்கு

பட்டைகளின் எண்ணிக்கையும் அகலமும் கனமும் மாறாதிருக்க, நீளம் மட்டும் கூடுமாயின், வில்லின் விறைப்பு நீளத்தின் மும்மடிப் பெருக்கத்திற்கு எதிர்விகிதமாகக் குறையும். இரு கண்களுக்கும் இடையே 40 அங்குலமும் 8 பட்டைகளும் உள்ள வில்லை உதாரணமாகக் கொள்வோம். அதனை 44 அங்குலமாக்கினால் விறைப்பு முக்காற்பங்காகும். 50 அங்குலமாக்கினாலோ ஏறக்குறைய பாதியாகிவிடும். முன்பு முழுப் பாரத்தில் 4 அங்குலம் தாழ்ந்த வண்டி இப்பொழுது சுமார் 7¾ அங்குலம் தாழும்.

மென்மை கூடுவதோடு காரியம் முடிவதில்லை. அதே பாரத்தில் பட்டையின்மேல் விழும் தகைப்பும் நீளத்திற்கேற்பக் கூடுகிறது. மேற்கண்ட உதாரணத்தில் அது காற்பங்கு அதிகமாகும். ஆதலின் நீண்ட வில் பழைய பாரத்தைப் பழைய பத்திரத்துடன் தாங்க வேண்டுமாயின், 8 பட்டைகளுக்குப் பதிலாக 10 பட்டைகள் வேண்டும். அவ்வாறு செய்தால் விறைப்பு முன்னிருந்ததில் 100-க்கு 64 பங்காக இருக்கும். முழுப் பாரத்தில் 6¼ அங்குலம் தாழும். பட்டையைக் கூட்டாமல் நீளத்தை மட்டும் கூட்டுவோர், தம் வண்டியின் பாரம் தாங்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டவராவர். பட்டையைக் கூட்டியதனால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட பாரம் உயர்ந்துவிட்டதாக எண்ணுவதும் தவறு.

அனுகூலமும் அபாயமும்

மென்மையான வில்லுள்ள வண்டியில் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் அந்தரத்தில் தொங்காமல் தரையைப் பற்றி நிற்கும். சேற்றிலும் கற்பாதையிலும் இழுவை கிட்டும். ஆட்களுக்குக் குலுக்கல் குறையும். தக்காளி, வாழைத்தார் முதலியன நசுங்குவதும் குறையும்.

ஆனால் அதே மென்மையால், மலைச்சரிவில் குறுக்காகச் செல்லும்போது வண்டி பள்ளப் பக்கமாக அதிகம் சாயும். வைக்கோலோ வாழைத்தாரோ உயரமாக ஏற்றியிருந்தால் கவிழும் அபாயம் மிகும். அன்றியும், செங்குத்தான ஏற்றத்தில் என்ஜின் முழு வலுவுடன் இழுக்கையில் நீண்ட வில் அச்சோடு சேர்ந்து முறுகும். அதனால் சக்கரங்கள் துள்ளுவதும் புரொபெல்லர் ஷாஃப்ட்டின் ஜாயிண்டுகள் சேதமாவதும் உண்டு.

பொருத்துங்கால் கவனிக்க வேண்டியவை

(1) மெயின் பட்டையை மட்டும் நீண்டதாக மாற்றுதல் கூடாது. கீழுள்ள பட்டைகளும் படிப்படியாக நீண்டிருத்தல் வேண்டும். இல்லாவிடில் இரண்டாம் பட்டை முடியும் இடத்தில் மெயின் பட்டை ஒடியும்.

(2) வில்லுக்குரிய எஃகு பதம் ஏற்றப்பட்டது. அதில் வெல்டு வைத்தாலும், உலையில் காய்ச்சி வளைத்துப் பதம் ஏற்றாது விட்டாலும், வில் விரைவில் தொய்யும் அல்லது முறியும்.

(3) சென்டர் போல்ட்டின் இடம் அச்சை முன்னிருந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இருபுறமும் அளவு ஒத்திராவிடில் வண்டி ஒருபக்கம் இழுக்கும்.

(4) ஷாக்கிளின் சாய்வை வெறும் வண்டியிலும் முழுப் பாரத்திலும் பார்த்தல் அவசியம். அது சேஸிஸில் இடிக்கவும் கூடாது. சக்கரம் முழுதும் தொங்கும்போது எதிர்ப்பக்கம் மடிந்து சிக்கிக்கொள்ளவும் கூடாது.

(5) சக்கரம் முன்னிலும் கீழே இறங்குமாதலால் பிரேக் ஹோஸ் குழாயின் நீளம் போதாமற்போகலாம். குழாய் இழுபட்டு அறுந்தால் பிரேக் பிடிக்காது. வண்டியைத் தூக்கி நிறுத்திச் சக்கரங்களைத் தொங்கவிட்டு இதனைப் பரீக்ஷித்த பின்னரே பாதையில் இறக்க வேண்டும். பாரத்திற்குத் தக்கபடி பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில், அச்சின் உயரம் மாறுவதால் அவ்வால்வையும் சரிப்படுத்தல் வேண்டும்.

(6) ஷாக் அப்சார்பரும் புதிய இயக்கத்திற்கேற்ற நீளமுடையதாக இருத்தல் வேண்டும். சக்கரம் மேலேறும்போது டயர் பாடியில் உரசாதபடி பம்ப் ஸ்டாப் ரப்பரின் உயரத்தையும் திருத்த வேண்டும்.

(7) பழைய யு போல்ட்டுகளை மீண்டும் உபயோகித்தல் ஆகாது. புதியவற்றையும் சில நாள் ஓட்டத்திற்குப் பின் மறுபடி முறுக்கிப் பார்த்தல் நலம்.

சட்ட விஷயம்

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றுதல் கூடாது. 2019-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் சுப்ரீம் கோர்ட்டாரும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தனர். ஆகையால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்னதாகவே எழுத்து மூலம் விசாரித்தறிந்த பின்னரே பட்டறைக்குச் செல்ல வேண்டும். விபத்து நேர்ந்தபின் இன்ஷூரன்ஸ் விஷயத்தில் தகராறு எழாமலிருக்கவும் இது உதவும்.

எவர்க்கு ஏற்றது

சொற்பப் பாரத்துடன் சேற்றிலும் பாறையிலும் ஓடும் வண்டிக்கு, மேற்கண்டவையெல்லாம் செவ்வனே செய்யப்படுமாயின், நீண்ட வில் பிரயோஜனமுள்ளதே. நாள்தோறும் விளைச்சலையும் ஆட்களையும் முழு அளவில் சுமந்து சரிவுகளில் செல்லும் வண்டிக்கோ, கம்பெனியார் அமைத்த வில்லே தக்கது. அத்தகைய வண்டியில் குலுக்கல் பொறுக்க முடியாததாயின், முதலில் தொய்ந்த ஷாக் அப்சார்பரையும், தேய்ந்த ஷாக்கிள் புஷ்களையும், டயரின் காற்றளவையும் பார்க்க வேண்டும். கிராம உத்தியோகஸ்தர்களும் தோட்டக்காரர்களும் ஒருங்கு சேர்ந்து, மழைக்காலத்திற்கு முன்னரே பாதையோரத்தில் வடிகால் வெட்டிச் சக்கரப் பள்ளங்களைக் கல்லிட்டு நிரப்புவாராயின், அப்பாதையில் செல்லும் எல்லா வண்டிகளுக்கும் அதன் பலன் கிட்டும். எந்த வண்டியின் வில்லையும் தொட வேண்டிய அவசியமும் பெரும்பாலும் நேராது.