பூர்வீகம் தேடும் அமெரிக்கர்

ரிஷிமூலமும் நதிமூலமும் பார்க்கலாகாது என்பது முதுமொழி. ஆயினும், தம் முன்னோர் எங்கிருந்து வந்தனர் என்று அறிய விரும்பாதார் மிகச் சிலரே. குடியேறியோரால் உருவாகிய அமெரிக்காவில் இவ்வேட்கை பெரிது. அங்கே தம்மை ஜேர்மானிய வழிவந்தோர் எனக் கூறிக்கொள்வோர் நான்கு கோடிக்கு மேற்பட்டவர். அவர்கள் தம் குடும்ப வரலாற்றை எவ்வாறு தேடுகின்றனர் என்பதை ஈண்டு நோக்குவோம்.

1683ஆம் ஆண்டிலே கிரேபெல்ட் நகரத்துக் குடும்பங்கள் பதின்மூன்று, 'கொன்கோர்ட்' என்னும் கப்பலேறிப் பிலதெல்பியாவை அடைந்தன. அவர்கள் அமைத்த குடியிருப்பே ஜேர்மன்டவுன். அடுத்த நூற்றாண்டில் றைன் நதிக்கரை உழவர்கள், போராலும் வரிச்சுமையாலும் வருந்தி, அவர்களைப் பின்பற்றினர். 1820க்கும் 1914க்கும் இடையில் வந்தோரோ ஐம்பது இலட்சத்துக்கும் அதிகமானோர்.

ஊரின் பெயரே திறவுகோல்

இவர்களின் வழித்தோன்றல் ஒருவர் தேடத் தொடங்கியதும் எதிர்ப்படும் தடை ஒன்றுண்டு. அமெரிக்கக் குடிசன மதிப்பு ஏடுகளிலே மூதாதையின் பிறப்பிடம் 'ஜேர்மனி' என்றோ, 'பிரஷ்யா', 'பவேரியா' என்றோ மட்டுமே பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். 1871ஆம் ஆண்டுக்கு முன் ஜேர்மனி ஒரே நாடாக இருக்கவில்லை. பல சிற்றரசுகளாகப் பிரிந்து கிடந்தது. பிறப்பையும் இறப்பையும் அரசாங்கமே பதியும் முறை நாடு முழுவதற்கும் வந்தது 1876இலேதான். அதற்கு முற்பட்ட செய்திகள் பெரும்பாலும் அவ்வவ்வூர்த் தேவாலயப் பதிவேடுகளிலேயே உள்ளன. ஆகவே, ஊர்ப்பெயர் தெரியாதவருக்கு அவ்வேடுகள் பூட்டிய பெட்டியே.

அப்பெயரை எங்கே காணலாம்? ஹம்பேர்க் துறைமுகத்திலே புறப்பட்டோரின் பட்டியல்கள் 1850 முதல் 1934 வரை பேணப்பட்டுள்ளன. அவற்றுட் பலவற்றில் பயணியின் ஊரும் காணப்படும். பிரேமன் துறைமுகப் பட்டியல்களோ அத்துணை நற்பேறு பெறவில்லை. வைக்க இடமில்லையென்று பழையன அழிக்கப்பட்டன; எஞ்சியவற்றுட் பெரும்பகுதியை இரண்டாம் உலகப்போர் கொண்டுபோயிற்று. அமெரிக்காவிலும் 1890ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பு ஏடுகள் 1921இல் வாஷிங்டன் நகரில் நிகழ்ந்த தீவிபத்தினால் ஏறக்குறைய முற்றாக அழிந்தன.

அரசாங்க ஏடுகள் கைவிடுமிடத்து, எளிய பொருள்கள் கைகொடுப்பதுண்டு. வீட்டு வேதாகமத்தின் முதலேட்டில் எழுதிய குறிப்பு, ஜேர்மன் மொழியில் வெட்டிய கல்லறை வாசகம், அமெரிக்காவிலிருந்த ஜேர்மன் தேவாலயத்தின் திருமணப் பதிவு ஆகியவற்றில் ஊர்ப்பெயர் வெளிப்படலாம். ஓரூரார் ஒருங்கே புறப்பட்டு ஓரிடத்திலேயே குடியேறுவதும் வழக்கமாதலால், அயல்வீட்டாரின் வரலாற்றை ஆராய்ந்து தம் ஊரைக் கண்டவர்களும் உளர்.

பெயர் படுத்தும் பாடு

எல்லிஸ் தீவிலே அதிகாரிகள் குடியேறியோரின் பெயர்களை மாற்றிவிட்டனர் என்னும் கதை இன்றும் வழங்குகின்றது. உண்மையில், அங்கிருந்தோர் கப்பல் புறப்பட்ட துறையிலேயே எழுதப்பட்ட பட்டியலை வைத்துச் சரிபார்த்தனரே யன்றிப் புதுப்பெயர் சூட்டவில்லை. பெயரை மாற்றியவை பெரும்பாலும் காலமும் அயலாரின் நாவும் குடும்பத்தாரின் விருப்பமுமே. மியூல்லர் மில்லராயிற்று, ஷ்மிட் ஸ்மித் ஆயிற்று. 1741இல் வந்த ஐசன்ஹவுவர் குடும்பத்தின் வழியிலே தோன்றியவரே குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர்.

இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரே வீட்டுப் பிள்ளைகள் பலருக்கும் 'யோகான்' என்பதே முதற்பெயராக அமையும். அழைக்கும் பெயர் அதனை அடுத்து வருவது. இதனை அறியாதார் சகோதரர் இருவரை ஒருவரெனக் கொள்வர். பழைய ஏடுகளின் எழுத்துருவோ 1941இற்குப் பின் பள்ளிகளிற் கைவிடப்பட்டது. இன்று ஜேர்மானியருக்கும் பயிற்சியின்றி அதனைப் படித்தல் அரிது.

மௌனத்தின் காரணம்

ஆயினும், ஏடுகள் அழிந்தமை மட்டுமே தேடலைத் தடுப்பதன்று. 1917இல் அமெரிக்கா ஜேர்மனியோடு போர் தொடங்கியதும், ஜேர்மன் மொழி பேசுவதே ஐயத்துக்குரியதாயிற்று. பல பள்ளிகளில் அம்மொழிக் கல்வி நின்றது, பத்திரிகைகள் மூடுண்டன. 1918இல் இலினோய் மாநிலத்துக் கொலின்ஸ்வில் நகரிலே றொபேர்ட் பிரேகர் என்னும் ஜேர்மானியர் வெறிகொண்ட கூட்டத்தாற் கொல்லப்பட்டார். அஞ்சிய குடும்பங்கள் பெயரை மாற்றின; பெற்றோர் தம் மொழியைப் பிள்ளைகளுக்குக் கற்பியாது விட்டனர். இவ்வாறு, வீட்டிலே வழங்கிய ஊர்ப்பெயரும் மறைந்தது. தீயும் குண்டும் அழிக்காத எத்தனையோ செய்திகளை அச்சம் அழித்துவிட்டது.

இன்று பல இலட்சம் ஏட்டுப் பக்கங்களை வீட்டிலிருந்தே கணினியிற் காணலாம். எனினும், ஊர்ப்பெயர் கிட்டியவருக்கே அவை முழுப்பயன் தரும். கிட்டியவர் அடையும் பேறு சிறிதன்று. இருநூறாண்டுக்கு முந்திய ஞானஸ்நானப் பதிவொன்றிலே குழந்தையின் பெயர், தந்தையின் தொழில், ஞானப்பெற்றோரின் பெயர் யாவும் வரிசையாக நிற்கும். அரசரும் தளபதியரும் நிறைந்த சரித்திரத்திலே இடம்பெறாத ஓர் உழவன், அந்த ஒரு வரியிலே உயிர்த்தெழுகின்றான்.

அனுபவமிக்க ஆராய்ச்சியாளர் மாணவருக்குக் கூறும் முதல் அறிவுரை, சுவடிச்சாலைக்குச் செல்லுமுன் வீட்டிலுள்ள முதியோரிடம் கேட்டறிக என்பதே. ஏடு நாளையும் இருக்கலாம். பாட்டியின் நினைவு அவ்வாறன்று.