இருமத் தெரியாத ஆமை... நோய் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்று சொல்லி வளர்த்த ஊரில்தான், இன்று வாஸ்துவுக்கு நல்லது என்று ஹாலில் கண்ணாடித் தொட்டி வைத்து ஆமை வளர்க்கிறார்கள். மதுரையில் வண்ண மீன் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு ஓடும் 'ரெட் இயர்டு ஸ்லைடர்' குட்டிகள். பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பூர்வீகம் அமெரிக்கா. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முப்பது ஆண்டுகள்கூட வாழும். ஆனால், பல வீடுகளில் ஓர் ஆண்டைத் தாண்டுவதே பெரும்பாடாகிவிடுகிறது.

காரணம், ஆமை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. நாய்க்கு முடியவில்லை என்றால் முனகும், மூலையில் போய்ப் படுக்கும். ஆமை வழக்கம்போல அசையாமல்தான் இருக்கும். உடம்பின் இயக்கமே மெதுவானது என்பதால் நோயும் மெதுவாகத்தான் முற்றும். 'நேற்றுவரை நல்லாத்தானே இருந்துச்சு' என்று சொல்லும்போது, அது பல வாரங்களாக நோயோடு இருந்திருக்கலாம்.

முதலில் கண்ணைப் பாருங்கள். இமை வீங்கி, கண் திறக்காமல் இருந்தால் வைட்டமின் ஏ குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். கடையில் டப்பாவில் தரும் உலர்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்க்கும் குட்டிகளுக்கு இது அடிக்கடி வரும். கண் தெரியாததால் அது சாப்பிடாது. சாப்பிடாததால் நோய் இன்னும் முற்றும். நல்ல தரமான ஆமைத் தீவனத்தோடு துருவிய காரட், சர்க்கரைப் பூசணி, கீரை, முள்ளோடு சிறு மீன் என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம். சோறு, ரொட்டி, பால் எல்லாம் வேண்டாம். அதற்காக வைட்டமின் சொட்டு மருந்தை நீங்களாக ஊற்றிவிடக் கூடாது. வைட்டமின் ஏ அளவு மீறினால் தோல் உரிந்துவிடும்.

அடுத்தது மூக்கு. ஆமைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. நெஞ்சில் கட்டிய சளியை இருமி வெளியே தள்ள அதனால் முடியாது. அதனால், மூக்கில் குமிழ் வருவது, வாயைத் திறந்து மூச்சு விடுவது, கழுத்தை நீட்டி நீட்டி மூச்சுக்குத் தவிப்பது எல்லாமே ஆபத்தின் அறிகுறிகள். நீந்தும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்தால் இன்னும் கவனம் தேவை. நுரையீரல் முதுகு ஓட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. ஒரு பக்க நுரையீரல் பாதித்தால் மிதப்பதில் சமநிலை போய்விடும். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஓட்டை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். பிறந்து சில மாதங்களான குட்டிக்கு லேசாக வளைந்து கொடுப்பது இயல்பு. வளர்ந்த ஆமைக்கு ஓடு மெத்தென்று இருந்தால் கால்சியமும் வெயிலும் போதவில்லை என்று பொருள். 'ஜன்னலோரம்தான் தொட்டி இருக்கு, நல்லா வெயில் வருதே' என்பார்கள். எலும்புக்குத் தேவையான புற ஊதாக் கதிர்களைக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். நேரடிக் காலை வெயில் வேண்டும்; தண்ணீருக்கு வெளியே ஏறி உட்கார ஒரு செங்கல் வேண்டும். ஓட்டில் நாற்றம், குழி, வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது ஓடு அழுகல். பெரும்பாலும் அழுக்குத் தண்ணீரில் தொடங்குவது. பளபளப்புக்காகத் தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்கள் அதையும் நிறுத்திவிடலாம்.

வெயில் வேண்டும் என்றதும் மொட்டை மாடியில் டப்பாவோடு வைத்துவிட்டு வந்துவிடாதீர்கள். இது மதுரை! சித்திரை வெயிலில் ஆழமில்லாத டப்பாத் தண்ணீர் சிறிது நேரத்திலேயே கொதிக்கத் தொடங்கிவிடும். ஆமைக்கு வியர்க்காது, ஓடி ஒளியவும் இடம் இருக்காது. பாதி வெயில், பாதி நிழல் என்று இருக்க வேண்டும். மார்கழிக் குளிரில் இதற்கு நேரெதிர்: தண்ணீர் சில்லிட்டால் பசி குறையும், சளி பிடிக்கும்.

குட்டி மூன்று நாள் எதுவும் சாப்பிடவில்லை என்றால் காத்திருக்க வேண்டாம். நாய் கடித்து ஓடு உடைந்தால் சுத்தமான துணியால் சுற்றி எடுத்துச் செல்லுங்கள். உடனடிப் பசை போட்டு ஒட்டினால் உள்ளே கிருமி பெருகும். பின்பக்கமாகக் குடல் பிதுங்கினால் ஈரத்துணியால் மூடி உடனே கிளம்ப வேண்டும். தல்லாகுளம் அரசு கால்நடை மருத்துவமனையோ தனியார் கிளினிக்கோ, போவதற்கு முன்பு 'ஆமை பார்ப்பீர்களா?' என்று கேட்டுவிடுவது நல்லது. ஆடு, மாடு, நாய்க்குத் தாராளமாகப் பயன்படுத்தும் 'ஐவர்மெக்டின்' என்ற குடற்புழு மருந்து ஆமைக்கு எமன். வீட்டில் நாய்க்கு வாங்கிய பாட்டில் இருக்கிறதே என்று ஒரு சொட்டுகூடக் கொடுத்துவிடாதீர்கள்.

நட்சத்திர ஆமை என்றால் கதை வேறு

மதுரையைச் சுற்றியுள்ள கரிசல், முள்காட்டுப் பகுதிகளில் மழைக்குப் பிறகு நட்சத்திர ஆமை கண்ணில் படலாம். அதிர்ஷ்டம் என்று வீட்டுக்குக் கொண்டுவருவது குற்றம். 2022 வன உயிரினச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இது முதல் அட்டவணையில் இருக்கிறது; 3 முதல் 7 ஆண்டுகள் வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். 2019-ல் இதன் சர்வதேச வணிகமும் தடை செய்யப்பட்டது. இட்லியும் சோறும் தின்று, முதுகு ஓடு மேடு மேடாகக் கூம்பிப்போன ஆமை உங்கள் வீட்டில் இருந்தால், வைத்தியத்தின் முதல் படியே வனத்துறையிடம் ஒப்படைப்பதுதான். நீங்களாகக் காட்டில் விட்டால், வீட்டில் பிடித்த சளி காட்டு ஆமைகளுக்கும் பரவலாம்.

ஸ்லைடர் ஆமை தட்டு அளவுக்கு வளர்ந்து தொட்டி போதாதபோது, பலருக்கும் நினைவுக்கு வருவது வண்டியூர் தெப்பக்குளம், கோயில் குளம், ஊர்க் கண்மாய். புண்ணியம் என்று நினைத்துத்தான் விடுகிறார்கள். உலகின் மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இந்த ஆமையும் இருக்கிறது. நம் கண்மாயில் வாழும் நாட்டு ஆமைகளின் இரையையும் வெயில் காயும் இடத்தையும் இது பிடுங்கிக்கொள்ளும். இதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 1997-லேயே இதன் இறக்குமதியைத் தடுத்தது. அமெரிக்காவிலோ 1975 முதல் நான்கு அங்குலத்துக்குக் குறைவான குட்டி ஆமைகளை விற்கவே தடை. குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்று வந்ததுதான் காரணம். தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டித் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் கொட்டக் கூடாது. வளர்க்க முடியாதவர்கள், குளத்துக்குப் போகாமல், பெரிய தொட்டியும் பொறுமையும் உள்ள இன்னொரு வளர்ப்பாளரிடம் கொடுக்கலாம். யாரும் கிடைக்கவில்லை என்றால் வனத்துறையிடம் வழி கேட்கலாம்.