தொட்டி வாங்குமுன் இடம்

சென்னைக் கொளத்தூரின் மீன் கடைகளில் ஒன்றில் வண்ண மீன்கள் துள்ளித் திரிவதைக் கண்டு, குழந்தையின் பிடிவாதத்துக்கு இணங்கி, அன்று மாலையே கண்ணாடித் தொட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து சேரும் குடும்பஸ்தர், அதனை எங்கே வைப்பது என்ற யோசனையை வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் ஆரம்பிக்கிறார். கூடத்தில் எந்த மூலை காலியாக இருக்கிறதோ அதுவே மீன்களின் வாசஸ்தலமாகிவிடுகிறது. சிலர் வாஸ்து பார்த்து ஈசானிய மூலையைத் தேர்கிறார்கள். அந்த நம்பிக்கையோடு எனக்கு விவாதமில்லை. ஆனால் வாஸ்து பார்ப்பவர் எவரும் தொட்டியின் எடையை விசாரித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

எடைதான் முதற் சங்கதி. மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி விளிம்புவரை ஏறத்தாழ 190 லிட்டர் கொள்ளும். லிட்டருக்கு ஒரு கிலோ வீதம் நீர் மட்டுமே 190 கிலோ. கண்ணாடி, கூழாங்கல், தாங்கும் மேஜை யாவும் சேர்ந்தால் 250 கிலோவை எட்டும். நாலு பெரியவர்கள் நாலரைச் சதுர அடியில் நெருக்கியடித்துக்கொண்டு இரவும் பகலும் நகராமல் நிற்பதற்கு இது சமானம். கான்கிரீட் தளம் சுவரோரத்தில் இந்த அளவைப் பெரும்பாலும் தாங்கிவிடும். அதற்காகப் பீதி கொள்ள வேண்டியதில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியிலோ, மர உத்திரங்களின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டின் மாடியிலோ வைக்க விரும்புவோர் மட்டும் கட்டடப் பொறியாளர் ஒருவரைக் கேளாமல் வைக்கலாகாது.

சமதளம் அடுத்தது. மேஜை ஒரு பக்கம் சற்றே சாய்ந்திருந்தாலும் நீரின் அழுத்தம் ஓரிடத்தில் குவிந்து, கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் சிலிக்கான் பசையை நாளடைவில் பிளந்துவிடும். மேசன்கள் கையாளும் ரசமட்டத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பார்த்து, தொட்டிக்கடியில் தெர்மாகோல் தகடொன்றை விரிப்பது வழக்கம். அது சிறு மேடுபள்ளங்களை விழுங்கிவிடும்.

மேற்குச் சன்னலோரம் அழகாகத்தான் இருக்கும். சித்திரை வெயில் அதில் விழும்வரையில். நம் வீடுகளில் வளரும் வெப்பமண்டல மீன்களில் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 28 டிகிரி வரை சௌக்கியம். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்திருக்கும் பிராணவாயு குறையுமாதலால், மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாய் பிளந்து தவிக்கின்றன. கண்ணாடியிலோ பாசி படர்கிறது. அதைவிடச் சூட்சுமமான அபாயம் கொசுமருந்து. நாம் மாலைதோறும் செருகும் திரவக் கொசுவிரட்டிகளில் சாதாரணமாக உள்ள பைரித்ராய்டு ரசாயனங்கள் மீனினத்துக்குக் கொடிய நஞ்சு. அறைக்காற்றை உறிஞ்சி நீருக்குள் செலுத்தும் காற்று மோட்டார், அந்த ரசாயன ஆவியையும் கூடவே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. ஆகையால் கொசுவிரட்டி செருகும் அறையில் மீனுக்கு இடமில்லை.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பிளக் பாயிண்ட் தொட்டிக்கு நேர் கீழே இருத்தலாகாது. ஒயர் முதலில் பாயிண்டுக்குக் கீழாகத் தொங்கிப் பின் மேலேறுமானால், வழிந்து வரும் நீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். மின்கசிவைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருத்தல் அவசியம். இருந்தாலும் சுவிட்சை அணைக்காமல் நீரில் கையை விடக் கூடாது. காற்று மோட்டாரை நீர்மட்டத்துக்கு மேலே வைக்காவிட்டால், மின்வெட்டின்போது தொட்டி நீர் குழாய்வழியே பின்னோக்கி இறங்கித் தரையை நனைக்கக்கூடும்.

இத்தனைக்குப் பிறகும் தொட்டி பிளந்தால் என்ன பரிகாரம்? ரசீது தராமலிருப்பதையே 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடவடிக்கையாகக் கருதுகிறது. ஆதலால் ரசீதைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். அதில் பயனில்லையெனில், நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு வருஷங்களுக்குள் வழக்கிடலாம். கொடுத்த விலை 5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் கடைக்காரர் சொல்லக்கூடிய முதல் வாதம், நீங்கள் அதைக் கோணலாக வைத்தீர்கள் என்பதே. அந்த வாதத்தை முறியடிக்கவல்ல சாட்சியம், தொட்டியை வைத்த தினத்தில் ரசமட்டத்தோடு சேர்த்து எடுத்த புகைப்படம்தான். வாடகை வீடானால் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்துமூலம் பெறுவது நலம். உங்கள் அஜாக்கிரதையால் கசிந்த நீர் கீழ்வீட்டின் கூரையைக் கெடுத்தால், நஷ்டஈடு கோரி கீழ்வீட்டுக்காரர் உங்களைத்தான் நாடுவார்.

நீர் நிரம்பிய தொட்டியை அங்குலமும் நகர்த்தலாகாது என்பதையும், கசிவு உண்டா என்று முதல் நாள் முழுதும் மீனின்றி வெறும் நீரோடு விட்டுப் பார்க்கவேண்டும் என்பதையும் மறவாமல், வாசகர்கள் கடைக்குப் புறப்படுமுன் அளவு நாடாவும் ரசமட்டமுமாகத் தங்கள் கூடத்தை ஒருமுறை சுற்றிவரும்படி கேட்டுக்கொள்கிறேன்.