தேயிலை மலையில் துவக்கும் கம்பியும்: சட்டம், ஆபத்து, நிவாரணம்

இலங்கையில் மானையும் மரையையும் வேட்டையாட எவருக்கும் உரிமை இல்லை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் 2009இல் வந்த அதன் திருத்தமும் இவற்றைக் கொல்வதைக் குற்றமாக்கியுள்ளன. இறைச்சியை விற்பதும் வாங்கி வீட்டில் வைத்திருப்பதும் வழக்கில்தான் முடியும். 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் குடியிருந்த ஆங்கிலேயர் சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளைத் துரத்திக் கொன்றார். துரைமார் பொழுதுபோக்காக நடத்திய அந்த வேட்டைக்கும் இன்றைய சட்டத்தில் இடமில்லை. நானுஓயாவைச் சூழ்ந்த தோட்டங்களில் தேயிலை முடியும் இடத்திலேயே காடு தொடங்குவதால், இந்தச் சட்டத்தை அறிந்திருப்பது லயத்துக் குடும்பங்களுக்கு அவசியம்.

துவக்கும் ரவையும்

மான் வேட்டைக்கு அனுமதியுள்ள நாடுகளில் ரைபிள் ரவையின் எடையைக் கணக்குப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். 150 கிரெயின் ரவை ஏறத்தாழ 9.7 கிராம். ரவை மிக இலேசாக இருந்தால் எலும்பில் பட்டுச் சிதறலாம். விலங்கு உடனே சாகாமல் காயத்தோடு ஓடித் துடிக்கும். குறி தவறிய ரைபிள் ரவை கிலோமீற்றர் கணக்கில் பறக்கும்.

மலையகத்தில் பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு வைத்திருக்கக்கூடியது பெரும்பாலும் 12 போர் சொட்கன். ஒரு இறாத்தல் ஈயத்தில் 12 சம உருண்டைகள் செய்தால், அதில் ஒன்று நுழையும் குழாய் அளவே 12 போர். அதன் தோட்டாவிலிருந்து பல குண்டுகள் ஒரே வெடியில் விரிந்து பாயும். பன்றியில் படாத குண்டு, பனிமூட்டத்தில் கொழுந்து பறிப்பவர்மேல் படலாம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். அனுமதியின்றித் துவக்கு வைத்திருப்பது பாரதூரமான குற்றம்.

இவற்றையெல்லாம்விடக் கொடியது கட்டுத்துவக்கு. வெடிமருந்தும் இரும்புத் துண்டுகளும் திணித்து, பாதையின் குறுக்கே நூல் கட்டி வைக்கிறார்கள். நூலைத் தட்டுவது மரையா, விறகுக்குப் போன பெண்ணா என்று அதற்குத் தெரியாது. அதனால் ஒருவர் இறந்தால், வைத்தவர் மனித உயிரைப் பறித்த குற்றத்துக்கே பதில் சொல்ல நேரும்.

சுருக்குக் கம்பி

2020 மே 26 அன்று நல்லதண்ணி பகுதியில், லக்‌ஷபான தோட்டத்தில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்குக் கம்பியில் மாட்டியது. உடவளவைக்குக் கொண்டுபோய்ச் சிகிச்சை அளித்தும் மூன்று நாட்களில் இறந்துவிட்டது. பன்றிக்கென்று கட்டினாலும் கம்பி ஆள் பார்க்காது. மாட்டிய சிறுத்தை கம்பியை அறுத்துக்கொண்டு பாய்ந்தால், அருகே போன தொழிலாளியின் உயிருக்கே ஆபத்து.

இறைச்சியில் ஈயம்

ஈயக் குண்டு உடலில் பாயும்போது கண்ணுக்குத் தெரியாத துகள்களாகவும் உடைகிறது. கழுவினாலும் சமைத்தாலும் அவை போகா. ஈயத்தில் பாதுகாப்பான அளவென்று எதுவும் இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளை வளர்ச்சியையும் கருவிலிருக்கும் சிசுவையும் அது பாதிக்கிறது.

என்ன செய்யலாம்?

துவக்குச் சூடு பட்டவரின் காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும். குண்டைத் தோண்டி எடுக்க முயலக் கூடாது. பொலிஸில் முறைப்பாடு செய்து அதன் இலக்கத்தையும், வைத்தியசாலை தரும் அட்டையையும் பத்திரப்படுத்த வேண்டும். வேலை நேரத்தில் வேலையின் காரணமாகக் காயப்பட்ட தொழிலாளி, 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கோரலாம். தோட்ட நிர்வாகத்துக்கு உடனே எழுத்தில் அறிவிப்பது அந்தக் கோரிக்கைக்குப் பலம். தொழிற்சங்கத்தின் உதவியையும் பெறலாம்.

கம்பியில் விலங்கு மாட்டியிருந்தால் கிட்டே போகாமல், ஆட்களை விலக்கி, வனசீவராசிகள் திணைக்களத்தை 1992இல் அழைக்க வேண்டும். வெறும் கம்பியோ கட்டுத்துவக்கோ கண்ணில் பட்டால், தொடாமல் தோட்ட நிர்வாகத்துக்கும் பொலிஸுக்கும் சொல்ல வேண்டும்.

சந்தேகத்தில் கைதாகும் எவருக்கும் காரணத்தை அறியும் உரிமையை அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை தருகிறது. பொலிஸ் அவரை 24 மணி நேரத்துக்குள் நீதவான்முன் நிறுத்த வேண்டும். அரச அலுவலரோடு தமிழில் அலுவல் செய்யும் உரிமை 22ஆம் உறுப்புரையில் உள்ளது. எனவே விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையொப்பமிடத் தேவையில்லை. வழக்கறிஞர் வைக்க வசதியற்றோர் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கோ, 1996 என்ற இலக்கத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கோ முறையிட வேண்டும்.

மரக்கறித் தோட்டத்தைப் பன்றி அழிக்கும் துயரம் உண்மையானது. அதற்குச் சேதத்தைக் கிராம உத்தியோகத்தரிடம் பதிவு செய்வது, அயலவர் சேர்ந்து வேலியடைப்பது, தேவையெனில் மாவட்டச் செயலகத்தில் முறைப்படி துவக்கு அனுமதி கேட்பது ஆகிய வழிகள் உண்டு. இவை எதுவும் அடுத்த லயத்துப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைப்பதில்லை.