கரடி எதிரே வந்தால் எந்தத் துப்பாக்கி?

வேளாங்கண்ணிக் கடற்கரைக்குப் போனவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது துப்பாக்கி பிடித்திருப்பார்கள். பலகையில் வரிசையாகப் பலூன், கையில் ஏர் கன். பிள்ளைக்கு என்று காசு கொடுத்துவிட்டு அப்பாவே சுட்டுத் தீர்ப்பாரே, அதேதான்! டெல்டா மக்களில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் துப்பாக்கி, கடைசித் துப்பாக்கியும்கூட. குழலின் உள்விட்டம் .177 அங்குலம், குண்டின் ஆற்றல் 20 ஜூல் என்ற வரம்பைத் தாண்டாதவரை அதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்கின்றன 2016-ம் ஆண்டின் ஆயுத விதிகள்.

ஆகஸ்ட் 29-ல் கொடியேறும்போது வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகளிடம் வேறு கதை இருக்கும். அலாஸ்காவுக்கு டூர் போனோம், காட்டுப்பாதை முனையில் 'கரடி உலவும் பகுதி' என்று போர்டு, எதிரே வந்தவர் இடுப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு ரிவால்வர்... கேட்டுக்கொண்டிருக்கும் பெரியப்பாவுக்கு உடனே சந்தேகம் வரும். "ஏன்டா, கைத்துப்பாக்கியால கரடியைச் சுட முடியுமா?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் இதைப் பற்றி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பேசிக்கொண்டே இருக்கிறார்கள்.

இடுப்பில் ஒரு பீரங்கி

கைத்துப்பாக்கி என்பது மனிதர்களுக்கு எதிராக உருவான ஆயுதம். காவல்துறையிலும் ராணுவத்திலும் உள்ள சாதாரண 9 எம்.எம். பிஸ்டலின் குண்டு சுமார் 500 ஜூல் ஆற்றலோடு வெளியே வரும். 300 கிலோ எடையுள்ள பழுப்புக் கரடிக்கு இது போதாது என்று வேட்டைக்காரர்கள் நினைத்தார்கள். 1935-ல் .357 மேக்னம் வந்தது. 1955-ல் ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனமும் ரெமிங்டன் நிறுவனமும் சேர்ந்து .44 மேக்னத்தைக் கொண்டுவந்தன. ஆற்றல் சுமார் 1,300 ஜூல். 1971-ல் 'டர்ட்டி ஹாரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இதைத் தூக்கிக்கொண்டு நடந்ததும், வேட்டைக்காரர்களின் துப்பாக்கி உலகப் புகழ் பெற்றது. 2003-ல் .500 மேக்னம் வந்தது. அதன் வீரியமான தோட்டாக்கள் 3,500 ஜூலைத் தொடும். அது கிட்டத்தட்ட ஒரு ரைஃபிளின் பலம். நீளக் குழல் வைத்த அந்த ரிவால்வரின் எடை மட்டும் 2 கிலோ!

பலம் கூடக்கூட இன்னொரு தொல்லையும் கூடுகிறது. சுட்டவுடன் துப்பாக்கி பின்னால் உதைக்கும், குழல் வானத்தைப் பார்க்கும். அதை மறுபடி இறக்கிக் குறிபார்ப்பதற்குள் இரண்டாவது குண்டுக்கான நேரம் போய்விடும். அதனால்தான் அனுபவசாலிகள் பலர், கையாள முடியாத .500-ஐவிடக் கைக்கு அடங்கும் .357 மேல் என்பார்கள். கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க் ராணுவத்தின் சிரியஸ் படையினர், வெள்ளைக்கரடிக்காகக் கொண்டுபோவது 10 எம்.எம். கிளாக் பிஸ்டல். அதையும் அவர்கள் கடைசி நம்பிக்கையாகத்தான் வைத்திருக்கிறார்கள். கூடவே ரைஃபிளும் இருக்கும்.

தோட்டா விஷயத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. மனிதர்களுக்கு எதிரான பாதுகாப்புக்கு, உள்ளே போனதும் பூ மாதிரி விரியும் குண்டைப் போடுவார்கள். கரடிக்கு அது உதவாது. அடர்ந்த ரோமம், கொழுப்பு, கனத்த தசை, எலும்பு எல்லாவற்றையும் தாண்டி ஆழமாக இறங்க வேண்டும். ஆகவே விரியாத, கெட்டியான ஈயக் கலவையில் வார்த்த, தட்டை மூக்குக் குண்டைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

அம்பாரியில் பிறந்த துப்பாக்கி

பெரிய மிருகத்துக்காகவே செய்த கைத்துப்பாக்கி என்பது அமெரிக்கக் கண்டுபிடிப்பு என்று நினைத்தால், அது தவறு. அதன் பூர்வீகத்தில் நம் யானைக்கும் பங்கு உண்டு.

19-ம் நூற்றாண்டில் ஆங்கிலேய துரைமார்கள் யானை மேல் அம்பாரியில் உட்கார்ந்து புலி வேட்டைக்குப் போவார்கள். காயம்பட்ட புலி சில சமயம் யானை மேலேயே பாய்ந்து ஏறிவிடும். அந்த நெருக்கடியில் நீளத் துப்பாக்கியைத் திருப்பக்கூட இடம் இருக்காது. இதற்காகவே குட்டையான, இரட்டைக் குழல் பிஸ்டல்களைச் செய்தார்கள். சிலவற்றின் குண்டு அரை அங்குலத்துக்கும் அதிகத் தடிமன். பெயர் 'ஹௌடா பிஸ்டல்'. ஹௌடா என்றால் வேறொன்றும் இல்லை, அம்பாரிதான்! இரண்டே இரண்டு குண்டு. அதற்குள் புலி விழ வேண்டும், இல்லையென்றால் துரை விழ வேண்டும்.

பிற்காலத்து வேட்டைக்காரர்கள் ரைஃபிளையே நம்பினார்கள். பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன், ஜவளகிரி காடுகளில் திரிந்தபோது அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர் ரைஃபிள். கர்நாடகத்தின் அரசிக்கெரே பக்கம் மனிதர்களின் முகத்தைக் கிழித்துக்கொண்டிருந்த ஒரு கரடியைத் தேடிப் போன கதையையும் அவர் எழுதியிருக்கிறார். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதோடு அந்தக் காலம் முடிந்தது.

எண்ணிப் பார்த்தவர்கள்

துப்பாக்கி உண்மையில் காப்பாற்றுகிறதா? அலாஸ்காவின் பழைய பதிவுகளைத் தோண்டி எடுத்து எண்ணிப் பார்த்தார்கள் டாம் ஸ்மித் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும். 1883 முதல் 2009 வரை, துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கரடியைச் சந்தித்த 269 சம்பவங்கள். 2012-ல் முடிவு வெளியானது. கைத்துப்பாக்கி 84 சதவீதச் சம்பவங்களில் கரடியைத் தடுத்திருந்தது. நீளத் துப்பாக்கி 76 சதவீதம்தான்!

கைத்துப்பாக்கி ரசிகர்கள் இந்த எண்ணைச் சொல்லிச் சொல்லிக் குதூகலிப்பார்கள். ஆனால் அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும், கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் காயமடைந்த விகிதத்தில் வித்தியாசமே இல்லை. பழுப்புக் கரடி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். 20 மீட்டர் தூரத்தில் புதரிலிருந்து புறப்பட்டால் ஒன்றரை விநாடியில் மேலே விழும். உறையிலிருந்து எடுத்து, பூட்டை விலக்கி, குறிபார்த்து... யாருக்கு நேரம் இருக்கிறது?

இதே ஆய்வாளர் 2008-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, கரடியின் முகத்தில் அடிக்கும் மிளகாய்க் கார ஸ்பிரேயைப் பற்றியது. பழுப்புக் கரடிகளின் மூர்க்கத்தை அது 92 சதவீதச் சம்பவங்களில் நிறுத்தியிருந்தது. நெருக்கத்தில் ஸ்பிரே அடித்தவர்களில் 98 சதவீதம் பேர் காயமில்லாமல் வீடு திரும்பினார்கள். புகை மேகம் போல விரிவதால் அவ்வளவு துல்லியமாகக் குறிபார்க்க வேண்டியதில்லை. இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது, சம்பவங்கள் வேறு வேறு. ஆனாலும் பதறும் கைக்கு எது எளிது என்பது புரிகிறது. கனடாவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: அங்கே சுற்றுலாப் பயணி காட்டுக்குள் கைத்துப்பாக்கி எடுத்துப்போக வழியில்லை. ஸ்பிரே கடையிலேயே கிடைக்கும். அதை விமானத்தில் கொண்டுவர முடியாது, பெட்டிக்குள் வைத்தாலும் பிடுங்கிவிடுவார்கள்.

நம்ம ஊர்க் கரடி

தமிழ்நாட்டில் கரடி இல்லையா என்றால், நிறையவே உண்டு. நீலகிரி, சத்தியமங்கலம், களக்காடு-முண்டந்துறை என்று மலை உள்ள இடமெல்லாம் உண்டு. கோத்தகிரி பக்கம் கோயில் கதவை உடைத்து விளக்கு எண்ணெயைக் குடித்துவிட்டுப் போவது வாடிக்கை. எடை பெரும்பாலும் 150 கிலோவைத் தாண்டாது. முக்கிய உணவு கறையான், எறும்பு, தேன், பழம். மனிதனைத் தின்னாது. ஆனால் பார்வை மங்கல். தலையைக் குனிந்து புற்றைத் தோண்டிக்கொண்டிருக்கும்போது ஆள் வருவதே தெரியாது. திடீரென்று பக்கத்தில் ஆளைக் கண்டால், புலியோடு வாழ்ந்து பழகிய மிருகம் அது, ஓடுவதைவிடப் பாய்வதையே நம்பும். குறி பெரும்பாலும் முகம்.

2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே பைக்கில் மசாலா விற்கப் போன வியாபாரியைக் கரடி தாக்கியது. காப்பாற்றப் போன இருவரும் சிக்கினார்கள். அங்கே வந்த துப்பாக்கி மயக்க ஊசித் துப்பாக்கி. பிடித்துக் காட்டில் விட்ட பிறகு அந்தக் கரடியும் இறந்துபோனது.

இங்கே ஒருவர் லைசென்ஸோடு ரிவால்வர் வைத்திருந்தாலும் என்ன ஆகும்? 9 எம்.எம்., .38, .45 எல்லாம் பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்டவை. பெரும்பாலும் கிடைப்பது .32 ரிவால்வர்தான். ஆற்றல் 150 ஜூல் சுமார். அலாஸ்காக்காரர் இடுப்பில் இருக்கும் .44-ல் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு! கரடியை அது நிறுத்துவதைவிடக் கோபப்படுத்தும் வாய்ப்பே அதிகம். கரடி, சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. வேட்டையாடினால் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை. உயிரைக் காக்க நல்லெண்ணத்தோடு கொன்றால் குற்றமில்லை என்று 11-வது பிரிவு சொல்கிறது. ஆனால் செத்த கரடி அரசாங்கச் சொத்து, பல்லைக்கூடத் தொட முடியாது.

தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் ஆயுதம் எதுவும் கிடையாது. கும்பலாகப் போவது, சத்தமாகப் பேசிக்கொண்டே நடப்பது, இருட்டுமுன் திரும்புவது, கையில் டார்ச். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு காட்டுப்பாதையில் நடக்கும் சுற்றுலாப் பயணிக்கு இவை எதுவும் இல்லை. கரடியைக் கண்டால் ஓடாமல், முதுகைக் காட்டாமல், மெல்லப் பின்வாங்க வேண்டும். மேலே விழுந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடிக்கொண்டு, முகத்தை மண்ணில் புதைத்துக்கொள்ள வேண்டும்.

டெல்டாவின் சண்டை பன்றியோடு

வேளாங்கண்ணியில் கரடி பயம் இல்லை. ஆனால் தெற்கே வேதாரண்யம் தாண்டினால் கோடிக்கரை. வெளிமான்களைக் காக்க 1967-ல் சரணாலயமான காடு. அங்கே காட்டுப்பன்றியும் உண்டு. காட்டுப்பன்றி வயலில் இறங்கினால் ஒரே ராத்திரியில் வயல் உழுதது போல ஆகிவிடும். தமிழ்நாடு முழுவதும் விவசாயி துப்பாக்கியைப் பற்றி நினைப்பது பெரும்பாலும் பன்றியால்தான்.

துப்பாக்கி செய்யும் ஊரும் பக்கத்தில்தான் இருக்கிறது. 1966-ல் தொடங்கிய திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை ராணுவ ரைஃபிளோடு, லைசென்ஸ்காரர்களுக்கான 12 போர் பம்ப் துப்பாக்கியும் செய்கிறது. வாங்குவதுதான் குதிரைக்கொம்பு. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. வைத்திருந்தாலும் பன்றியைச் சுட முடியாது. கேரளாவில் 2022 முதல், உள்ளாட்சித் தலைவரின் அனுமதியோடு லைசென்ஸ்காரர் சுடலாம். தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த முடிவு வேறு மாதிரி. காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடவே கூடாது, 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும், அதற்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறையினர் மட்டுமே சுடலாம்.

பொறுமை இழந்தவர்கள் எடுக்கும் வழிகள்தான் பயங்கரம். மேற்கு மாவட்டங்களில் பழத்துக்குள் வெடிமருந்து வைக்கும் அவுட்டுக்காய், பன்றியோடு யானையின் வாயையும் கிழிக்கிறது. வயல் வரப்பில் திருட்டு மின்சாரக் கம்பி இழுப்பது டெல்டாவில் எலிக்காகக்கூட நடக்கிறது. இருட்டில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவருக்கு அந்தக் கம்பி தெரியாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே பன்றிக்காக வைத்த மின்வேலியில் மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன.

அதே ஆண்டில் தமிழ்நாடு அரசு மின்வேலிகளுக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. காட்டை ஒட்டிய நிலத்தில் சோலார் வேலி போடுகிறவர் வனத்துறையிடம் பதிவு செய்ய வேண்டும். அந்த வேலியில் மின்சாரம் விட்டுவிட்டுத் துடிப்பாகத்தான் வரும். மூக்கு நுனியில் சுள்ளென்று ஒரு அடி வாங்கி, பன்றி திரும்பி ஓடும்.